நீங்கள் எந்தச் சிவகுமார்? ஒரே பெயர்க்காரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் போட்டோக்கொப்பி எடுத்து, ரைப் அடித்து, படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் சிவகுமார். எங்கள் பக்கத்தில் என்னோடு சேர்த்து ஆறு சிவகுமார் இருக்கிறோம். ஆறு பேருக்கும் ஆறு தொழில். ஒருவரைத் தேடி வந்தவர் இன்னொருவரின் படலையில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன விசயம். கடைக்கு வருகிற சனமும் பாதிநாள் பெயர்க் குழப்பத்தோடுதான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன். அதுதான் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் எந்தச் சிவகுமார்?

கொப்பிக்கடைச் சிவகுமார். மில்காரச் சிவகுமார், உழவு மெசின் சிவகுமார், கணக்குச் சிவகுமார், மிதிவெடிச் சிவகுமார், குளத்துச் சிவகுமார் ஆகியோரில் ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் கேளுங்கள், வழி சொல்வேன். ஐந்து பேரின் ரெலிபோன் நம்பரும் என்னிடம் இருக்கிறது, என் நம்பர் அவர்களிடம் இருக்கிறது. தவறி வருகிற அழைப்பை உரியவருக்கு மாற்றிவிட இதைவிட நல்ல ஏற்பாட்டை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே இடத்தில் இத்தனை சிவகுமார் எப்படி வந்தார்கள்?

கிளிநொச்சி இருக்கிற இந்த வன்னியில் இப்போது இருக்கிற சனம் ஒரே வேரில் இருந்து வந்த சனம் இல்லை. காலங்காலமாக இருந்த கிராமங்கள் ஒரு பக்கம். 1930களில் இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றத் திட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப் பகுதியிலிருந்தும் காணி எடுத்து வந்தவர்கள் ஒரு பக்கம். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டுத் தெற்கிலும் மலையகத்திலும் இருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்நீரேரி கடந்து வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு.

ஒவ்வொரு கூட்டமும் சட்டி பானையோடு தன் பெயர்களையும் கொண்டு வந்தது. அவரவர் ஊரில் ஒரு சிவகுமார்தான் இருந்திருப்பார். இங்கே ஒரே வாய்க்கால் ஓரத்தில் ஆறு பேராகிவிட்டோம். எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் இங்கே பிறந்தவர்கள், ஒருவர் மலையகத்துப் பிள்ளை, இருவர் தொண்ணூற்றைந்தில் வந்தவர்கள்.

பெயர் எடுக்கிற கிணறும் எங்களுக்குச் சின்னது. கோயில், பாட்டன் பெயர், அந்தக் காலத்தில் காதில் விழுந்த பெயர், இவ்வளவுதான். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்ந்து பிறந்தால் நாகராசா, நாகேந்திரம், நாகலிங்கம், நாகம்மா. மன்னார்ப் பக்கம் போனால் மடு மாதாவின் பெயரால் மரியதாஸ். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்த வீட்டில் ஒரு கண்ணகியாவது இருப்பாள். சிவகுமாரும் அப்படிக் கோயிலில் இருந்து வந்த பெயர்தான். எழுபதுகளில் பிறந்தவர்களுக்கு அதற்கு வேறு இரண்டு ஊற்றுகளும் இருந்தன. ஒன்று, தமிழ்நாட்டு நடிகர். மற்றது, விடுதலைப் போராட்டத்தில் இறங்கி 1974 யூன் 5 இல் உயிரைவிட்ட உரும்பிராய் இளைஞர் பொன். சிவகுமாரன். என் அப்பாவிடம் எதை நினைத்து வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கொம்மாதான் வைச்சவ, அவவைக் கேள்" என்றார். அம்மா சொன்னா, அப்பா வைத்ததாம்.

ஊரில் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

தொழிலால். அதற்கு அடுத்தது இடத்தால், அதற்கும் பிறகுதான் தகப்பன் பெயரால். தொழிலும் இடமும் கைவிட்டால் கட்டை, நெட்டை, வெள்ளை என்று உடம்பில் கைவைப்பார்கள்.

முந்தின தலைமுறையில் தொழில் பெயரையே விழுங்கிவிடும். விதானையார், பரியாரியார், ஓவசியர், அப்போதிக்கரி, சங்கக்கடை மனேச்சர் என்றால் போதும். அவர்களின் சொந்தப் பெயர் மரண அறிவித்தல் வரும்போதுதான் பலருக்குத் தெரியவரும். எங்கள் தலைமுறையில் இரண்டும் சேர்ந்து நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, ஆள் தொழிலை விட்டாலும் தொழில் ஆளை விடாது. மிதிவெடிச் சிவகுமார் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு நாலு வருசம் போனவர். தலையில் முகமறைப்பு, நெஞ்சில் கவசம் போட்டு, முழங்காலில் நின்று ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர் நிலத்தைக் கிண்டுகிற வேலை. அதை விட்டு இப்போது கோழி வளர்க்கிறார். ஆயிரம் கோழி நின்றாலும் அவரைக் கோழிக்காரச் சிவகுமார் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. மகளுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் சந்தியில் நின்று "சிவகுமார் வீடு எது?" என்று கேட்க, "ஆர், மிதிவெடியோ? நேரே போய் இடக்கைப் பக்கம்" என்று ஒரு பொடியன் வழி காட்டியிருக்கிறான். வந்தவர்கள் கொஞ்ச நேரம் வாகனத்தைத் திருப்புவதா விடுவதா என்று யோசித்தார்களாம். கலியாணம் நடந்தது, பயப்பட வேண்டாம்.

கணக்குச் சிவகுமார் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். அவருக்கு மட்டும் முன்னால் நின்று பேசும்போது "சேர்", ஆள் போன பிறகு "கணக்கு". குளத்துச் சிவகுமார் இரணைமடுவில் மீன் பிடிக்கிறார். விடிய ஐந்து மணிக்கு வலை இழுத்துவிட்டு ஏழு மணிக்கு எல்லாம் சைக்கிள் பெட்டியில் மீனோடு வந்துவிடுவார். எங்கள் ஆறு பேரில் பெயரும் தொழிலும் இடமும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்பது அவருக்கு மட்டும்தான்.

பெண்களுக்கும் இப்படித்தானா?

இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மூன்று பரமேஸ்வரி. ஒருவர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மேற்பார்வை. ஒருவர் விடியப்புறம் பால் சேகரித்து அனுப்புகிறவர். மூன்றாமவர் என் மனைவி, முன்பள்ளி ஆசிரியை. மூன்று பேருக்கும் மூன்று தொழில் இருக்கிறது. ஆனாலும் ஊர் சொல்வது "மேசன்ர பரமேஸ்", "செத்த ரைவர்ர பரமேஸ்", "கொப்பிக்கடைக்காரற்ர பரமேஸ்".

"கடை நீங்கள் போட்டது 2012இல. நான் படிப்பிக்கத் தொடங்கினது அதுக்கு எவ்வளவோ முந்தி. ஆராவது உங்களை ரீச்சற்ர சிவகுமார் எண்டு சொல்லிக் கேட்டிருக்கிறியளோ?" என்று ஒருநாள் கேட்டா. கேட்டிருக்கவில்லை. முன்பள்ளிப் பிள்ளைகள் மட்டும் என்னை "ரீச்சற்ர அங்கிள்" என்று கூப்பிடுவார்கள். அதை அவவிடம் சொன்னேன். கணக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை.

முதலெழுத்து போட்டால் போதாதா?

தமிழில் எழுதும்வரை ஓரளவுக்குப் போதும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், அதன் முதலெழுத்துத்தான் நம்முடைய வேலி. கந்தையாவின் மகன் க. சிவகுமார், குமாரசாமியின் மகன் கு. சிவகுமார், கோணேஸ்வரனின் மகன் கோ. சிவகுமார் என்று அழகாகப் பிரிந்து நிற்கும்.

அதே பெயர்களை ஆங்கிலத்தில் நிரப்பிப் பாருங்கள். க, கா, கு, கோ, கை எல்லாம் ஒரே "கே" ஆகிவிடும். ச, சி, சு, செ, சோ எல்லாம் பெரும்பாலும் ஒரே "எஸ்". வேலி விழுந்துவிட்டது. இதற்கு என் கடைக்கு வெளியில் இருந்தே நல்ல உதாரணம் உண்டு. வன்னியர் பற்றி ஆராய்ந்து எழுதிய வரலாற்றுப் பேராசிரியர் சி. பத்மநாதன் ஒருவர். கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான சோ. பத்மநாதன் இன்னொருவர். தமிழில் சி., சோ. என்று ஒரு எழுத்தில் தெளிவாகிவிடும். ஆங்கிலத்தில் இருவரும் எஸ். பத்மநாதன். புத்தகப் பட்டியலில் ஒருவரின் கவிதை மற்றவரின் கல்வெட்டு ஆராய்ச்சியோடு போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்?

தொழிலும் ஒன்றாகிவிட்டால் இன்னும் மோசம். 1977 பாராளுமன்றத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியில் இரண்டு சிவசிதம்பரம் இருந்தார்கள். நல்லூருக்கு மு. சிவசிதம்பரம், எங்கள் வவுனியாவுக்கு தா. சிவசிதம்பரம். ஒரே கட்சி, ஒரே சபை, ஒரே பெயர். அதற்கு முன்னர் 1963 முதல் 1970 வரை தமிழரசுக் கட்சிக்காரராக உள்ளே போன இரண்டு நவரத்தினம் சபையில் இருந்தார்கள். ஊர்காவற்றுறைக்கு வி. நவரத்தினம், சாவகச்சேரிக்கு வி.என். நவரத்தினம். இவர்களைப் பிரிக்க முதலெழுத்தை யாரும் நம்பவில்லை. "வவுனியாச் சிவசிதம்பரம்", "ஊர்காவற்றுறை நவரத்தினம்" என்று தொகுதியைத்தான் முன்னால் போட்டார்கள். சனம் கண்டுபிடித்த வழி எப்போதும் இடமும் தொழிலும்தான்.

பெயர்பெற்ற ஆட்களில் ஒரே பெயரும் வேறு தொழிலும் உள்ளவர்கள் யார்?

என் பெயரில் இருந்தே தொடங்குகிறேன், இதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. நடிகர் சிவகுமார் ஓவியம் படித்தவர், 1965 இல் நடிக்க வந்தவர், பிற்காலத்தில் கம்பராமாயணத்தை மேடையில் பேசியவர். ஒரே ஆளுக்கே மூன்று தொழில். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் பழனிசாமி என்பதை எங்கள் ஆறு பேர் கூட்டத்தில் நான் சொல்வதில்லை. யம்முவில் பிறந்து சந்தூர் என்ற வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த சிவ்குமார் சர்மா 2022 இல் காலமானார். கர்நாடகாவில் டி.கே. சிவகுமார் அரசியல்வாதி, 2023 இல் துணை முதலமைச்சரானவர். அதே கர்நாடகாவில் சித்தகங்கா மடத்துச் சிவகுமார சுவாமிகள் 1907 இல் பிறந்து 2019 வரை வாழ்ந்தார். நம்முடைய நாட்டில், மட்டக்களப்பில் பிறந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் திறனாய்வு எழுதிய கே.எஸ். சிவகுமாரன். சினிமா, சங்கீதம், அரசியல், துறவு, இலக்கியம் எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறது. நெல்லுக் குற்றுகிற சிவகுமார் எங்களிடம்தான்.

முரளிதரன் என்றால் உலகம் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனை நினைக்கும். எங்கள் பக்கத்து முதியவர்கள் சிலர் "எந்த முரளிதரன்?" என்று ஒருமுறை நிறுத்திக் கேட்பார்கள். முதலில் போராளித் தளபதியாகவும் பிறகு பிரதி அமைச்சராகவும் இருந்த விநாயகமூர்த்தி முரளிதரனும் இருக்கிறார். அரசியல் தலைவர் தந்தை செல்வா என்கிற எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஒரு பக்கம், பேராதனையில் தமிழ் படிப்பித்து இலக்கிய வரலாறு எழுதிய பேராசிரியர் வி. செல்வநாயகம் இன்னொரு பக்கம்.

எனக்குப் பிடித்த சோடி இரண்டு கணபதிப்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவருக்கும் தமிழ்தான் சோறு போட்டது. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பேச்சுத் தமிழில் நாடகம் எழுதியவர் க. கணபதிப்பிள்ளை, அவர் "பேராசிரியர்". பழைய முறையில் கற்று, சைவத்தையும் கந்தபுராணத்தையும் சொல்லிக் கொடுத்தவர் சி. கணபதிப்பிள்ளை, அவர் "பண்டிதமணி". பட்டம் என்று சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் பேராசிரியர், பண்டிதமணி என்பவை செய்கிற வேலையும் மில்கார, கொப்பிக்கடை என்பவை செய்கிற வேலையும் ஒன்றுதான்.

வவுனியாவின் முதல் பாராளுமன்ற உறுப்பினர் செ. சுந்தரலிங்கத்தையும் சொல்லவேண்டும். கணிதப் பேராசிரியராக இருந்து 1947 இல் தேர்தலில் வென்று வர்த்தக அமைச்சரானவர். அவரைக் கணக்குச் சுந்தரலிங்கம் என்றும் சொல்லியிருக்கலாம், மந்திரி சுந்தரலிங்கம் என்றும் சொல்லியிருக்கலாம். சனம் வைத்த பெயர் "அடங்காத் தமிழர்". வன்னிக்கு அடங்காப்பற்று என்று ஒரு பழைய பெயர் இருப்பதால் அது இன்னும் நன்றாகப் பொருந்திவிட்டது.

வன்னியசிங்கம் என்று பெயர் இருந்தால் வன்னி ஆள்தானே?

இல்லை. தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கு. வன்னியசிங்கம் கோப்பாய்த் தொகுதிக்காரர். வன்னியில் கண்ட வன்னியசிங்கங்களைவிட யாழ்ப்பாணத்தில் கண்டவர்கள்தான் எனக்கு அதிகம்.

சிவகுமார், சிவக்குமார், சிவகுமாரன்: மூன்றும் ஒருவர்தானா?

வீட்டில் ஒருவர்தான். கந்தோரில் மூன்று பேர்.

பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் "சிவக்குமாரன்" என்று எழுதியிருப்பார். பாடசாலையில் அதிபர் "சிவகுமார்" என்று குறுக்கியிருப்பார். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, பாங்க் புத்தகத்தில் இன்னொரு மாதிரி, சிவாவுக்கும் குமாருக்கும் நடுவில் இடைவெளி விட்டும் விடாமலும். பெயரைக் கேட்டு எழுதியவரின் காதுக்கு ஏற்றபடி ஆள் பிறந்திருப்பார்.

இதற்கு நடைமுறையில் செய்வது இரண்டு. ஒன்று, சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி: இன்ன இன்ன பெயர்களால் அழைக்கப்படுபவர் ஒருவரே என்று. அதோடு கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன். இரண்டாவது, பிறப்புப் பதிவையே திருத்துவது. அதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கிற பதிவாளர் கிளைக்குப் போகவேண்டும். சத்தியக் கடதாசி அன்றைய அலுவலை முடிக்கும், வருத்தத்தை மாற்றாது. பிள்ளைகளுக்கு வயது குறைவாக இருக்கும்போதே பதிவைத் திருத்திவிடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. யுத்தத்தில் எல்லாக் கடுதாசியையும் விட்டுவிட்டு வந்த இடத்தில் அதைத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன் இங்கே பிறந்தவரின் சான்றிதழில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்றுதான் இருக்கும். முல்லைத்தீவு 1978 இல் பிரிந்தது. புதிதாக வந்த ஒரு கிளார்க் இது தெரியாமல் "இது யாழ்ப்பாணத்துச் சிவகுமார், நீங்கள் கிளிநொச்சிச் சிவகுமார்" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினார். போனவர் பிறந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறார்.

அடையாள அட்டை இலக்கம் பார்த்துப் பிரிக்கலாமா?

அதுதான் ஒரே நிச்சயமான வழி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருசம், அடுத்த மூன்று அந்த வருசத்தின் எத்தனையாவது நாள், அடுத்த மூன்று தொடர் இலக்கம், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். 75 123 என்று தொடங்கினால் அந்த ஆண் 1975 மே 2 இல் பிறந்தவர். நாளை எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. பெண் என்றால் நாளோடு 500 கூட்டுவார்கள், அதே நாளில் பிறந்தவர் 75 623. 2016 முதல் பன்னிரண்டு இலக்கம்: வருசம் முழுதாக 1975 என்று வரும், தொடர் இலக்கம் நாலாகும், எழுத்து இல்லை.

ஒரே நாளில் பிறந்த இரண்டு சிவகுமாருக்கும் தொடர் இலக்கம் வேறாக இருக்கும். ஆகவே எந்தப் படிவத்திலும் பெயர் எழுதுகிற வரிக்கு அருகில் இலக்கத்தையும் எழுதுங்கள், கேட்காவிட்டாலும் எழுதுங்கள். என் கடையில் நிரப்பினால் நான் கேட்காமலே போட்டுவிடுவேன்.

வேறு சிவகுமாரின் கடன் கடிதம் எனக்கு வந்தால் என்ன செய்வது?

எனக்கு வந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியள், கையில் பைல். "அண்ணை, மெசின் லீசிங் மூண்டு தவணை நிலுவை" என்றார்கள். எனக்கு மெசினும் இல்லை, அதை விட இடமும் இல்லை, இருப்பது ஒரு போட்டோக்கொப்பி மெசின், அதுவும் காசு கொடுத்து வாங்கினது என்றேன். கடுதாசியைக் காட்டினார்கள்: க. சிவகுமார், எங்கள் கிராம அலுவலர் பிரிவு. நானும் க. தான். அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பெரியவன் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நாலாவது இலக்கத்தில் விரல் நின்றது. "சொறி அண்ணை" என்று ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

கடிதம் வருவது பிறகும் நாலு மாதம் நிற்கவில்லை. பதிலை எழுத்தில் கொடுங்கள், உங்கள் அடையாள அட்டைப் பிரதியை இணையுங்கள், கொடுத்ததற்குப் பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை எந்தக் கந்தோரும் ஞாபகம் வைத்திருக்காது.

அன்றிரவு உழவு மெசின் சிவகுமார் வந்தார். "தம்பி, அவங்கள் உன்னட்டையும் வந்தவங்களோ?" என்று கேட்டுவிட்டு நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் போகம் அவருக்கு வெள்ளத்தில் போயிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில்?

கிளினிக்கில் பெயர் கூப்பிட்டால் எழும்பாதீர்கள், நம்பரையும் தகப்பன் பெயரையும் கேட்ட பிறகு எழும்புங்கள். எனக்குப் பிரசர். ஒருமுறை வீட்டுக்குக் கொண்டு வந்தது சீனி வருத்தக் குளிசை. பையில் சிவகுமார் என்றுதான் எழுதியிருந்தது, மனைவி குளிசையின் நிறத்தைப் பார்த்துப் பிடித்துவிட்டா. அந்தக் குளிசைக்கு உரிய சிவகுமார் எங்கள் ஆறு பேரில் இல்லை, ஏழாவது ஒருவர். எங்கே இருக்கிறாரோ, என் பிரசர்க் குளிசையை என்ன செய்தாரோ.

பெயர் ஒன்றாக இருந்ததால் மனம் நொந்தது உண்டா?

யுத்தம் முடிந்த 2009 இல் நாங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். அங்கே வலயங்களுக்குப் பெரிய தமிழர்களின் பெயர் வைத்திருந்தார்கள்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். ஒருவர் சட்டத்தரணியும் வெளிநாட்டமைச்சரும், ஒருவர் கலை ஆராய்ச்சியாளர், மற்ற இருவரும் அண்ணன் தம்பி, இருவரும் சேர் பட்டம் பெற்றவர்கள். "நீங்கள் எங்கை?" என்று கேட்டால் "இராமநாதனிலை" என்று சொல்வோம். அந்தப் பெயர்கள் அப்படித்தான் எங்கள் வாயில் கிடந்தன.

வெளியில் இருந்து உறவினர் வந்தால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் மத்தியானம்: "கிளிநொச்சியைச் சேர்ந்த சிவகுமார், உங்களைத் தேடிச் சகோதரி வந்திருக்கிறா." எனக்கு அக்கா இருக்கிறா, வவுனியாவில். ஓடினேன். வேலியடிக்குப் போனால் என்னோடு ஏழு பேர் மூச்சு வாங்க நிற்கிறார்கள், மில்காரரும் அதில் ஒருவர். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கையில் சோற்றுப் பார்சல். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனா. கடைசி ஆள் வரைக்கும் பார்த்தா. பிறகு முதலாமவரிடம் திரும்பி வந்து இன்னொருமுறை பார்த்தா.

எங்களில் ஒருவரும் அவவின் தம்பி இல்லை. பார்சலைக் கம்பிக்கு மேலால் நீட்டிவிட்டுப் போய்விட்டா. மீன் குழம்பு. ஏழு பேரும் அதில் ஒவ்வொரு பிடி சாப்பிட்டோம்.

வெளிநாட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

அங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். நாங்கள் தகப்பன் பெயரைச் சொல்வதா எங்கள் பெயரைச் சொல்வதா என்று திணறி ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவோம். என் மச்சான் ஒருவனுக்கு அங்கே ஊரெல்லாம் அவன் தகப்பன் பெயர்தான். "அப்புவைக் கூப்பிடுகிறான்கள் எண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தனான்" என்பான். பலருக்கு அவர்களின் சொந்தப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது ஆனந்தசங்கரி. 1970 முதல் கிளிநொச்சித் தொகுதி உறுப்பினராக இருந்த வீ. ஆனந்தசங்கரிக்கு அது சொந்தப் பெயர். 2015 இல் கனடாப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிப் பிறகு அமைச்சரான மகன் கரி ஆனந்தசங்கரிக்கு அதுவே குடும்பப் பெயர். கிளிநொச்சியில் வீரசிங்கத்தின் மகனைக் குறித்த சொல் ஸ்காபரோவில் ஒரு குடும்பத்தைக் குறிக்கிறது.

புதுமாதிரிப் பெயர் வைத்தால் பிரச்சினை தீருமா?

டிலக்சன், நிரோஜன், கஜன், தர்சன் என்று வைத்துப் பார்த்தார்கள். சிவகுமார் மாதிரி ஊரெல்லாம் இருக்கக்கூடாது என்றுதான் வைத்தது. இப்போது கணக்குச் சிவகுமாரின் ஒரே வகுப்பில் மூன்று டிலக்சன்.

பெயரை மாற்ற யோசித்தீர்களா?

இல்லை. ஆறு பேரில் யார் மாற்றுவது?

அண்மையில் காலமானது எந்தச் சிவகுமார்?

மில்காரச் சிவகுமார். போன மாசியில். மேலே ஆறு பேர் என்றே விட்டிருக்கிறேன்.

மரண அறிவித்தல் எழுதுவதற்கு அவருடைய மகள் என்னிடம்தான் வந்தாள். ஒரே பெயர்க்காரரைப் பிரித்துக் காட்ட எங்கள் மரண அறிவித்தலை மிஞ்ச ஒன்றும் இல்லை. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட, இன்ன தொழில் செய்த, காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று அடுக்கிக்கொண்டு போனால் உலகத்தில் அந்த ஒரு ஆள்தான் மிஞ்சுவார். உயிரோடு இருக்கும்போது நம்மை ஒருவரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை.

பெயரை ரைப் அடிக்கும்போது கை ஒருமுறை நின்றது. நாள் முழுக்க அடிக்கிற பெயர்தான். அதற்கு முன்னால் அமரர் என்று போட்டு நான் அடித்ததில்லை.

தொழில் என்ற இடத்தில் "வர்த்தகர்" என்று போடச் சொன்னார் மூத்த மருமகன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "மாமா, வர்த்தகர் எண்டு போட்டால் ஊரிலை ஒருத்தருக்கும் அப்பாவைத் தெரியாது" என்றாள். கடைசியில் வர்த்தகர் என்றும் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மில்காரச் சிவகுமார் என்றும் போட்டேன். ஐம்பது கொப்பி எடுத்தாள். காசு வாங்கவில்லை.

அன்று பின்னேரம் எனக்கு இரண்டு அழைப்பு வந்தது. ஒன்று கனடாவில் இருந்து, எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்திருக்கிறான். நான் ஹலோ என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"ஆர் கதைக்கிறது?"

"சிவகுமார்."

"எந்தச் சிவகுமார்?"

"கொப்பிக்கடை, மச்சான்" என்றேன்.